சாகுல் மூச்சு வாங்கும் இடம்

1

எங்கள் வீட்டுக் கூடத்தில் சோபா இருக்க வேண்டிய இடத்தில் ஒரு எலக்ட்ரானிக் டிரம்ஸ் செட் நிற்கிறது. சோபா, ஜன்னலில் பாதியை மறைத்துக்கொண்டு ஓரமாகக் கிடக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும், "பொண்ணு டிரம்ஸ் கத்துக்குதா?" என்றுதான் கேட்பார்கள். போன ஞாயிற்றுக்கிழமை, என் மனைவி தேவியோடு மருத்துவமனையில் வேலை பார்க்கும் ஒரு தமிழ்க் குடும்பம் சாப்பிட வந்தது. அவர்களும் அதையே கேட்டார்கள்.

"இல்லங்க, என்னோடது. சும்மா வாங்குனேன்" என்றேன்.

அந்த அம்மாள் சிரித்தார். ஐம்பது தாண்டிய ஆளுக்கு இது என்ன ஆசை என்று நினைத்திருக்கலாம். நானும் சேர்ந்து சிரித்து வைத்தேன். அவர்கள் கிளம்பிய பிறகு பாத்திரம் கழுவும்போது அந்தச் 'சும்மா' என்னை அறுத்துக்கொண்டே இருந்தது. நான் அதைச் சும்மா வாங்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடம் சொல்ல முடியாததை ஊரில் இருக்கிற உங்களிடம் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் இருப்பது அயர்லாந்தில், கடலை ஒட்டிய சின்ன ஊர் ஒன்றில். தேவி நர்ஸ். அவளுடைய வேலைதான் எங்களை இங்கே கொண்டுவந்தது. நான் ஒரு பெரிய மளிகைக் கடையின் கிடங்கில் பெட்டி அடுக்குகிறேன். மகள் யாழினி இங்கே வரும்போது பேசத் தொடங்கியிருந்த குழந்தை. இப்போது அவளுக்குப் பதினாறு வயது. தமிழ் புரியும். பேசும்போது பாதி வழியில் ஆங்கிலத்துக்கு இறங்கிக்கொள்வாள்.

2

நான் இலுப்பூர்க்காரன். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த வருடங்களில் புதுக்கோட்டையில் ஓர் ஆர்க்கெஸ்ட்ராவில் டிரம்ஸ் வாசித்தேன். சாகுல் எங்கள் பாடகன். கோட்டைப்பட்டினத்தில் பிறந்தவன். அவனுடைய வீட்டு ஆண்கள் எல்லாம் மீன், கப்பல், வளைகுடா என்று போக, இவன் மட்டும் புதுக்கோட்டை ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் நின்றான். பகலில் கடை வாசலில் நின்று, "வாங்கக்கா, வாங்க, உள்ள வந்து பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவான். சாயங்காலம் கச்சேரி. கூப்பிடுகிற குரலும் பாடுகிற குரலும் ஒன்றுதான். கடைக்கு வந்த பெண்கள் அந்தக் குரலுக்காகவே ஒரு நிமிஷம் நிற்பார்கள்.

என்னை அவன் 'மாப்ளே' என்பான். நான் அவனை 'மச்சான்' என்பேன். அவனுக்குக் கல்யாணம் ஆனதும் அவன் மனைவி ரகுமத்து முதல் நாளே என்னை 'அண்ணே' என்று கூப்பிட்டாள். உறவு சரியாகப் பொருந்திவிட்டதாக மூன்று பேரும் சிரித்தோம்.

மேடையில் சாகுலுக்கு ஒரு பழக்கம் உண்டு. சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் இடத்தில் தாளத்துக்குள் அடங்காத ஒரு பெரிய மூச்சு வாங்குவான். மற்ற பாடகர்கள் அந்த மூச்சை எங்காவது ஒளித்துவிடுவார்கள். இவனுக்கு ஒளிக்கத் தெரியாது. நான் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு கணம் நிற்பேன். அவன் மூச்சை இழுத்து முடித்ததும் அடி விழும். கேட்பவர்களுக்கு அது நாங்கள் பேசி வைத்துச் செய்வதுபோல இருக்கும். நாங்கள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

எங்களுக்கென்று சொந்தமாக ஒரே ஒரு பாட்டு இருந்தது. சாகுலே எழுதி மெட்டுப் போட்டது. கச்சேரி முடிந்து, பஸ்ஸைத் தவறவிட்டு, வாத்தியங்களைத் தூக்கிக்கொண்டு நடக்கிற ஆட்களைப் பற்றிய பாட்டு. 'கடைசி பஸ்ஸும் போயிருச்சு, நடந்தே போவமா' என்று தொடங்கும். ஆவுடையார்கோவில் பக்கம் ஒரு கல்யாணத்தில் அதைப் பாடியபோது கீழே இருந்து ஒருவர், "சினிமாப் பாட்டுப் போடுங்கப்பா" என்று கத்தினார். அதோடு அதை ஓரம் கட்டிவிட்டோம். யாரும் பதிவு செய்து வைக்கவில்லை.

3

போன வருடம் பங்குனியில் சாகுல் கூப்பிட்டான். போனை எடுத்ததும் வேறு யாரோ பேசுவதாக நினைத்தேன். குரலில் பாதி காற்றாக இருந்தது.

"மாப்ளே, தொண்டையில கட்டியாம்டா. திருச்சியில பாத்தாச்சு. குரல்வளைய எடுக்கணுமாம்."

"எடுத்துட்டு?"

"எடுத்துட்டு என்ன? உசுரு இருக்கும். பேச்சு இருக்காது."

அவன் அழவில்லை. கடையில் வாடிக்கையாளருக்கு விளக்கம் சொல்வதுபோலச் சொன்னான். கழுத்தில் ஓட்டை போடுவார்கள், அதன் வழியாக மூச்சு விட வேண்டும், சாப்பாடு வாய் வழியாகப் போகலாம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கடைசியாக, "நம்ம பாட்ட ஒரு தடவ பாடி வச்சுரணும்டா. நீ வாசிக்கணும்" என்றான்.

அன்றே டிக்கெட் பார்த்தேன். அப்போதுதான் தேவி என்னுடைய குடியிருப்பு அட்டையை நினைவுபடுத்தினாள். பழையது காலாவதியாகிப் புதியதற்கு விண்ணப்பம் போயிருந்தது. அது கைக்கு வராமல் நாட்டைவிட்டுப் போனால் திரும்பி உள்ளே வர முடியாது. அவசரப் பயணம் என்றால் ஒரு அனுமதிக் கடிதம் தருவார்கள். நான் குடியேற்ற அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையானவர். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்டார். மச்சானுக்கு என்ன ஆங்கிலம் என்று யோசித்து, "பிரதர் இன் லா" என்றேன்.

"மனைவியின் சகோதரரா?"

"இல்லை."

"அப்படியென்றால் சகோதரியின் கணவர்?"

நான் ஒரு கணம் தடுமாறி, ஆமாம் என்று தலையாட்டினேன். ரகுமத்து என்னை அண்ணன் என்றுதானே கூப்பிடுகிறாள். அவர் உடனே என் சகோதரியின் பிறப்புச் சான்றிதழ் கேட்டார். பிறகு உள்ளதைச் சொன்னேன். நண்பன், ஆனால் எங்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிட்டுக்கொள்வோம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வருந்துகிறேன். நண்பர்களுக்கு இந்த வசதி கிடையாது" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரிடம் இருந்த சொற்களில் சாகுலுக்கு இடம் இல்லை, அவ்வளவுதான். வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து அவனுக்குப் போன் செய்தேன். அலுவலகத்தில் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவனே சொன்னான்: "வர முடியாட்டி விடுடா. இப்பத்தான் அங்கிட்டும் இங்கிட்டும் இருந்துக்கிட்டே பாட்டு எடுக்குறாங்கள்ல. நீ அங்கயிருந்து வாசிச்சு அனுப்பு. நா அதக் காதுல போட்டுக்கிட்டுப் பாடுறேன்."

4

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் பழைய எலக்ட்ரானிக் டிரம்ஸ் விற்பதாக இணையத்தில் போட்டிருந்தார். தேவி காரை எடுத்தாள். கழற்றிய கம்பிகளையும் தட்டுகளையும் பின் சீட்டில் அடுக்கி, யாழினியின் மடியில் சிம்பல் என்கிற தாளத் தட்டு ஒன்றை வைத்துக் கொண்டுவந்து சேர்த்தோம்.

நான் வாசித்துப் பழகியது தோல் கட்டிய டிரம்ஸ். இதில் தோல் இல்லை, வலை. சிம்பல் எல்லாம் ரப்பர். அடித்தால் தட்டிலிருந்து 'டப்' என்று பாய் தட்டுகிற சத்தம்தான் வரும். அந்த அடி ஒரு வயர் வழியாகப் பக்கத்திலிருக்கும் சின்னப் பெட்டிக்குப் போகிறது. பெட்டி அதற்கான ஒலியை ஹெட்போனில் தருகிறது. பெட்டியிலிருந்து இன்னொரு வயர் கணினிக்கு. கணினியில் ஒலிப்பதிவு மென்பொருள். ஒவ்வோர் அடியும் திரையில் ஒரு சின்னக் கோடாக விழுந்து வரிசையில் நிற்கிறது.

மென்பொருள் யாழினிக்குப் பழக்கம். பள்ளியில் இசை வகுப்பில் கற்றுத்தந்திருக்கிறார்கள். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணினி முன் உட்கார்ந்தாள். முதல் அடி அடித்தேன். இரண்டு அடி கேட்டது.

"அப்பா, நீ ரெண்டு தடவ கேக்குற. பாக்ஸ் சவுண்டும் வருது, கம்ப்யூட்டர் சவுண்டும் வருது."

ஒன்றை அணைத்தாள். இப்போது ஒரே சத்தம், ஆனால் கை இறங்கிய பிறகு தாமதமாக வந்தது. படியில் இறங்கும்போது கடைசிப் படி இல்லாததுபோல இருந்தது.

"அது லேட்டன்ஸி" என்றாள்.

"லேட்டா வர்றதா?"

"எக்ஸாக்ட்லி." அவள் சிரித்தாள். நான் ஆங்கிலத்தில் ஒன்றைச் சரியாகப் புரிந்துகொண்டது அவளுக்குச் சந்தோஷம். அமைப்புகளைத் திறந்து ஏதோ ஓர் எண்ணைக் குறைத்தாள். தாமதம் போய்க் கரகரப்பு வந்தது. மறுபடி கொஞ்சம் ஏற்றினாள். கையும் சத்தமும் ஒன்றாகச் சேர்ந்தன. அதன்பிறகு ஒரு டிரம்மை அடித்தால் பக்கத்து சிம்பலும் சேர்ந்து ஒலித்தது. கம்பி அதிர்வில் அப்படி ஆகுமாம். அதையும் சரிசெய்தாள்.

அப்பாவும் மகளும் ஒரு வாரம் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்து ரொம்ப நாளாகியிருந்தது. பதிவுக்கு அவள் 'சாகுல் அங்கிள்' என்று பெயர் வைத்தாள். "மாமான்னு போடும்மா" என்றேன். ஏன் என்று கேட்காமல் மாற்றினாள்.

கீழ்வீட்டுப் பெண்மணி மட்டும் வந்து கதவைத் தட்டினார். ஹெட்போனில்தான் வாசிக்கிறேன், ஆனாலும் கால் பெடலின் இடி அவருடைய கூரையில் இறங்குகிறதாம். யாழினி ஏதோ வீடியோ பார்த்து, இரண்டு பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வைத்து ஒரு மேடை செய்தாள். அதன்மேல் பெடலை வைத்த பிறகு அவர் வரவில்லை.

5

முதலில் நேரடியாகவே முயன்றோம். வீடியோ அழைப்பில் அவன் பாட, நான் வாசிக்க. ஒரு வரிகூடத் தாண்டவில்லை. என் அடி அவனுக்குப் பிந்திப் போகிறது, அவன் அதற்காகக் காத்திருக்கிறான், அவன் காத்திருப்பது எனக்கு இன்னும் பிந்தி வருகிறது. கடைசியில் இருவரும் நின்றுவிட்டோம். "ரெண்டு கெழவனுக தெருவக் கடக்குற மாதிரி இருக்குடா" என்று சிரித்தான். சிரிப்பு இருமலாகி, ரகுமத்து போனை வாங்கிக்கொண்டாள்.

பிறகு தனியாக வாசித்து அனுப்பினேன். காதில் தாளக் கணக்குக் காட்டும் மெட்ரோனோம் டிக் டிக் என்று ஓட, அதோடு ஒட்டி முழுப் பாட்டையும் வாசித்தேன். எனக்கே பெருமையாக இருந்தது. சாகுல் கேட்டுவிட்டுக் கூப்பிட்டான்.

"நல்லாத்தான்டா இருக்கு. ஆனா இது நீ இல்லயே."

"நாந்தான் வாசிச்சேன் மச்சான்."

"நா மூச்சு வாங்குற எடத்துல நீ நிப்பல்ல? இதுல யாரும் நிக்கல. நா பின்னாலயே ஓட வேண்டியிருக்கு. இப்ப எனக்கு ஓட முடியல மாப்ளே."

யாழினியிடம் சொன்னேன். அவள் முகம் சுருங்கியது. என் அடிகளில் சில, திரையில் இருக்கும் தாளக் கோட்டுக்கு முன்னும் பின்னும் விழுந்திருந்தனவாம். மென்பொருளில் ஒரு பொத்தானை அழுத்தினால் எல்லா அடியும் கோட்டில் போய் நின்றுகொள்ளும். எனக்கு உதவுவதாக நினைத்து அதைச் செய்திருக்கிறாள். "சாரிப்பா" என்றாள். இதில் அவள் தப்பு என்ன இருக்கிறது? மெட்ரோனோமைக் கேட்டு வாசித்ததே நான்தானே.

அதை அணைத்துவிட்டுத் திரும்ப வாசித்தேன். அப்போதுதான் கை நின்றது. பழைய சாகுல் எங்கே மூச்சு வாங்குவான் என்று எனக்குத் தெரியும். இப்போதைய சாகுல் எங்கெங்கே வாங்குவான், எவ்வளவு நேரம் எடுப்பான் என்று தெரியாது. பக்கத்தில் இருந்து அவன் தோளைப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் பார்த்துக்கொண்டிருந்தது கணினித் திரையை.

"நீ மொதல்ல பாடி அனுப்பு மச்சான். நா ஒன் பின்னாலயே வாரேன்" என்றேன்.

"நாளைக்குப் பாடுறேன்டா" என்றான். மறுநாளும் நாளைக்கு என்றான். அவன் ஏன் தள்ளிப்போடுகிறான் என்று எனக்குத் தெரிந்ததால் வற்புறுத்தவில்லை. பாடி முடித்துவிட்டால் அது கடைசியாகப் பாடியதாகிவிடும்.

6

அறுவை சிகிச்சைக்கு நாள் இருந்தது. ஆனால் ஒரு காலையில் அவனுக்கு மூச்சு அடைத்து, திருச்சிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இனித் தள்ளக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குச் செய்தி வந்தபோது கிடங்கில் இருந்தேன். ரகுமத்து குரல் செய்தி அனுப்பியிருந்தாள்: "அண்ணே, இன்னைக்கே பண்றாகளாம். அவுக பாடிட்டாக, ஒங்களுக்கு அனுப்பச் சொன்னாக. அனுப்பியிருக்கேன். பாத்துக்கங்க."

மேற்பார்வையாளரிடம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்று யாழினிக்கு அரை நாள் பள்ளி. கோப்பைக் கணினியில் ஏற்றி, பாட்டு தொடங்கும் இடத்தில் வெட்டி வைத்தாள். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

அந்தக் குரலை எப்படிச் சொல்வது? வரிக்கு வரி மூச்சு வாங்கினான். சில சொற்களில் ஒலியே இல்லை. காற்று மட்டும் சொல்லின் வடிவத்தில் வந்தது. ஆனால் ராகம் எங்கும் நழுவவில்லை. 'நடந்தே போவமா' என்ற இடத்தில் அவன் எப்போதும் போடுகிற சின்ன இழுப்பையும் விடவில்லை. நான் வாசித்தேன். அவன் மூச்சுக்கு நிற்கும் இடங்களில் எல்லாம் நின்றேன். சில இடங்களில் வெகுநேரம் நிற்க வேண்டியிருந்தது. கைகளைத் தூக்கிக்கொண்டு, அவன் மூச்சை இழுத்து முடிக்கும்வரை, மறுபடி தொடங்குவானா என்று தெரியாமல் நின்றேன். இரண்டாவது சரணத்தின் நடுவில் அவன் தொடங்கவில்லை. கோப்பு அங்கேயே முடிந்திருந்தது.

யாழினி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோடுகள் எதுவும் வரிசையில் இல்லை.

"சரி பண்ணவாப்பா?" என்றாள். பிறகு அவளே, "இல்ல, வேணாம். நான் தொட மாட்டேன்" என்றாள்.

நாங்கள் பதிவு செய்துகொண்டிருந்த நேரத்தில் அவனை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது.

7

சாகுல் பிழைத்துக்கொண்டான். எனக்கு அட்டை வந்து சேர்ந்தபோது ஆடி பிறந்துவிட்டது. அதற்குள் கிடங்கில் ஒரு பெட்டி விழுந்து என் போன் நொறுங்கியதால், புதுப் போனில் பாட்டை ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன். பாட்டை முன்னாலேயே அனுப்பியிருக்கலாம். நேரில் உட்கார்ந்து சேர்ந்து கேட்க வேண்டும் என்று வைத்திருந்தேன்.

திருக்கோகர்ணம் பக்கம் அவனுடைய வாடகை வீடு. கதவைத் திறந்தவன் கழுத்தில் மெல்லிய துணி கட்டியிருந்தான். என்னைக் கட்டிப்பிடித்தான். அவன் மூச்சு என் நெஞ்சருகே கழுத்திலிருந்து வந்தது. வாய் அசைந்தது. 'மாப்ளே' என்று தெரிந்தது. சத்தம் இல்லை.

கழுத்தில் வைத்துப் பேசுகிற ஒரு கருவி வாங்கியிருந்தார்கள். ஒரு நாள் பேசிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டானாம். கடையிலிருந்து அவனை நிறுத்திவிடவில்லை. முதலாளி நல்லவர். ஆனால் வாசலில் நின்று கூப்பிட முடியாதே. வாடிக்கையாளர்கள் பிரித்துப் பார்த்துவிட்டுப் போன சேலைகளை இப்போது அவன் மடித்து அடுக்குகிறான்.

சாப்பிட்ட பிறகு போனையும் இயர்போனையும் எடுத்தேன். அவன் பார்த்தவுடன் புரிந்துகொண்டான். என் கையைப் பிடித்து, போனோடு சேர்த்து மெதுவாகக் கீழே இறக்கினான். பிறகு தன் போனில் தட்டச்சு செய்து காட்டினான்.

'நீ நல்லாத்தான் வாசிச்சிருப்ப. எனக்கு வேணாம்டா.'

நான் போனைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். அவன் எழுந்து போய் எனக்கு வெற்றிலை எடுத்து வந்தான். பல வருடங்கள் அவன் பேச, நான் கேட்டே பழகியவன். அன்று நான்தான் பேசினேன். அயர்லாந்து மழை, யாழினியின் படிப்பு, கிடங்கு என்று எதை எதையோ சொன்னேன். அவன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்.

கிளம்பும்போது ரகுமத்து வாசல் தாண்டி என்னோடு நாலு எட்டு வந்தாள்.

"அண்ணே, அவுக அதக் கேக்கவே மாட்டாக. அவுக போன்ல இருந்தத ஆஸ்பத்திரியிலயே அழிச்சுட்டாக. வீட்ல டிவியில பாட்டு வந்தாக்கூட எந்திரிச்சுப் போயிருவாக."

"ஒனக்கு அனுப்பவாம்மா?"

"பாட்டு வேணாண்ணே. பாட்டு ஊருக்கெல்லாம் பாடுனது. அதுக்கு முன்னால ஆஸ்பத்திரி ரூம்ல எங்கிட்டப் பேசுனாக. போன்ல ரெக்கார்டு ஆயிக்கிட்டிருந்துச்சு. அதுதான் அவுக எங்கிட்டக் கடைசியாப் பேசுனது. அது மட்டும் வெட்டிக் குடுப்பீங்களா?"

அனுப்புகிறேன் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அதைத்தான் நாங்கள் வெட்டிவிட்டோமே. முழுக் கோப்பு இருந்த போனும் போய்விட்டது.

8

திரும்பி வந்ததும் பெட்டியைக்கூடத் திறக்காமல் யாழினியைக் கூப்பிட்டேன். நான் சொல்லச் சொல்ல அவளுக்குக் கண் விரிந்தது.

"அப்பா, வெட்டுனா அழியாது. ஜஸ்ட் மறைச்சு வச்சிருக்கும்" என்று கணினியைத் திறந்தாள். பாட்டின் இடது ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தாள். வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் அலைக்கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. இருவரும் ஆளுக்கு ஓர் இயர்போனை மாட்டிக்கொண்டோம்.

முதலில் மின்விசிறிச் சத்தம். பிறகு சாகுல்.

"ரகுமத்து, அந்த ஃபேன நிப்பாட்டு. சத்தம் விழுகும்."

விசிறி மெல்ல ஓய்ந்தது. செருப்புச் சத்தம். கதவு திறக்கிற சத்தம்.

"நீ எங்கிட்டு போற?"

"வெளிய நிக்கிறேங்க. நீங்க பாடுங்க."

"வேணாம். இங்கனயே ஒக்காரு. ஒன்னப் பாத்துக்கிட்டே பாடுறேன்."

நாற்காலி இழுபட்டது. அவ்வளவுதான். அதை மட்டும் தனியாக வெட்டினோம். விசிறிச் சத்தத்தைக் குறைக்கட்டுமா என்று யாழினி கேட்கவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. அப்படியே ரகுமத்துக்கு அனுப்பினேன்.

அன்று பதில் வரவில்லை. மறுநாள் மதியம், கிடங்கில் சாப்பாட்டு இடைவேளையில் அவளுடைய குரல் செய்தி வந்தது. மெதுவாகப் பேசினாள்.

"வந்துருச்சுண்ணே. அவுக கடைக்குப் போயிருக்காக. கதவச் சாத்திக்கிட்டுக் கேட்டேன். தெனம் அவுக கடைக்குப் போனதும் ஒரு தடவ கேட்டுக்குவேன். அவுகளுக்குத் தெரிய வேணாம்."